ஒன்பதை அமத்தினால் திறக்கும் கதவு

ரொறன்ரோவில் ஒருவர் வீட்டுக்கு முதல்முறை போகிறவர் முகவரியை வாங்கியதும் அடுத்துக் கேட்பது, “பஸ்ஸர் நம்பர் என்ன?” என்றுதான். ஸ்காபரோவின் மாடிக் கட்டடங்களில் வாசலுக்கு இரண்டு கதவுகள். வெளிக்கதவு எவருக்கும் திறக்கும், உட்கதவு பூட்டியிருக்கும். இரண்டுக்கும் நடுவே சுவரில் ஒரு பெட்டி. அதிலுள்ள பெயர்ப்பட்டியலில் ஆளைத் தேடி, நேரே இருக்கும் எண்ணை அமத்த வேண்டும். வீட்டுக்காரரின் தொலைபேசி அடிக்கும். குரலைக் கேட்டு அவர் 9ஐ அமத்தினால் பூட்டு விடும்.

இதைச் செய்தவர்களின் கெட்டித்தனத்தை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். 9ஐ அமத்தும்போது 852, 1477 ஹேர்ட்ஸ் கொண்ட இரண்டு தொனிகள் சேர்ந்து ஒலிக்கின்றன. அந்தச் சோடியை அடையாளம் கண்டதும் பெட்டி ஒரு ரிலேயை இயக்க, கதவுச் சட்டத்தில் இருக்கும் மின்தாழ் சில விநாடிகளுக்குத் தளர்கிறது. அவ்வளவுதான். ஒவ்வொரு வீட்டுக்கும் புதிதாக வயர் இழுக்க வேண்டியதில்லை. வாசலில் சம்பளத்துக்கு ஆள் வைக்க வேண்டியதில்லை. பட்டியலில் உள்ள எண்ணும் பெரும்பாலும் வீட்டு இலக்கமாக இருக்காது. பெயரைத் தெரிந்துகொண்டு வருபவன் எந்த மாடி, எந்தக் கதவு என்று அறியக் கூடாது என்பதற்காகச் செய்த ஏற்பாடு அது. மின்தாழ் உள்ள கதவை உள்ளிருந்து கைப்பிடியால் எப்போதும் திறக்கலாம். காந்தப் பூட்டென்றால் நெருப்பு மணி அடித்ததும் அது தானே விட வேண்டும். வெளியேறுபவரை அடைத்து வைக்கக் கூடாது என்பதில் இந்தத் தொழில் கவனமாகவே இருந்திருக்கிறது.

கோளாறு பூட்டில் இல்லை, தொலைபேசியில். இந்த முறை உருவானபோது தொலைபேசி வீட்டுக்குச் சொந்தமானது. பல கட்டடங்களில் நிலவறைத் தொலைபேசி அறைக்கு வரும் செப்புக் கம்பியிலேயே வாசல் பெட்டியையும் கோத்திருந்தார்கள். அடித்தால் வீட்டில் இருக்கும் யாரும் எடுக்கலாம்: அம்மம்மா எடுக்கலாம், பள்ளிவிட்டு வந்த பிள்ளை எடுக்கலாம். எடுப்பவர் வீட்டில்தான் இருக்கிறார் என்பதும் நிச்சயம். கைபேசி வந்து, வீட்டு இணைப்பை மக்கள் துண்டித்ததும் இரண்டுமே போய்விட்டன. கதவைத் திறக்கும் அதிகாரம் குடும்பத்தை விட்டு, வாடகை ஒப்பந்தத்தில் பெயருள்ள ஒருவரின் சட்டைப்பைக்குள் போய்விட்டது. மகன் பிரம்ப்டனில் வேலையில் நிற்பான். ஸ்காபரோ வாசலில் நிற்கும் பராமரிப்புத் தாதிக்கு அவன்தான் அங்கிருந்து கதவு திறக்க வேண்டும். அவன் எடுக்காவிட்டால் தாதி திரும்பிப் போவாள், தாய் மேலே காத்திருப்பாள். பெட்டியின் இணைப்பு உள்ளூர் அழைப்புக்கு மட்டும் என்றால் இன்னொரு தொல்லை: வேறு மாகாணத்து எண்ணோடு குடிவந்தவருக்கு மணி அடிக்கவே அடிக்காது.

கள்வனை இது தடுக்கிறதா? ஓரளவுக்கு. “பார்சல்” என்று ஒரு குரல் சொன்னால் பத்து வீட்டில் ஒரு வீடாவது 9ஐ அமத்தும். அதுவும் வேண்டாமென்றால், சாமான் பைகளோடு வருபவருக்குக் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றால் போதும். மரியாதைக்கு மரியாதை, வழிக்கு வழி. உட்கதவைத் திறக்கக் குடியிருப்போர் கையில் வைத்திருக்கும் சாவிப் பொத்தானும் பெரிய அரண் அல்ல. 125 கிலோஹேர்ட்ஸில் இயங்கும் பழைய வகைகளில் பெரும்பாலானவற்றுக்கு மறையாக்கமே கிடையாது, நொடியில் நகலெடுக்கலாம். மைஃபேர் கிளாசிக் என்ற அடுத்த தலைமுறை அட்டையின் மறையாக்கத்தை நெதர்லாந்தின் ராட்பவுட் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2008இலேயே உடைத்துக் காட்டிவிட்டார்கள். 2025இல் எரிக் டேகிள் என்ற ஆய்வாளர் இணையத்தோடு இணைந்த ஒரு வகை வாசல் பெட்டியை ஆராய்ந்து கண்டதை வெளியிட்டார். தயாரிப்பாளர் கொடுத்த தொடக்கக் கடவுச்சொல்லைப் பல கட்டடங்கள் மாற்றவே இல்லை. அதைக் கொண்டு குடியிருப்போரின் பெயர், தொலைபேசி எண்களைப் பார்க்கவும் கதவுகளைத் திறக்கவும் முடிந்தது. கடவுச்சொல்லை மாற்றும் பொறுப்பு வாங்கியவருடையது என்பது நிறுவனத்தின் நிலை. சட்டப்படி அது சரியாக இருக்கலாம். பெயர் வெளியானவர்கள் பெட்டியை வாங்கியவர்கள் அல்ல, மாதாமாதம் வாடகை கட்டுபவர்கள்.

பூட்டிய வாசலில் தயங்கி நிற்பவர்களில் கள்வனைவிட முக்கியமானவர் மருத்துவ உதவியாளர். ரொறன்ரோவையும் பீல் பகுதியையும் வைத்து 2016இல் கனேடிய மருத்துவச் சங்க இதழில் ஓர் ஆய்வு வந்தது. வீட்டில் இதயம் நின்றவர்களில், மூன்றாம் மாடிக்குக் கீழே இருந்தோரில் 4.2 சதவீதம் பேர் பிழைத்தார்கள். மூன்றாம் மாடியிலும் அதற்கு மேலும் இருந்தோரில் 2.6 சதவீதம். 25ஆம் மாடிக்கு மேல் 30 பேர், ஒருவரும் பிழைக்கவில்லை. மின்தூக்கிக்குக் காத்திருப்பது இதில் பெரும் பங்கு என்பது உண்மைதான். ஆனால் ஆய்வாளர்களின் யோசனைகளில், உதவியாளர் வந்து சேருமுன்பே கட்டட ஊழியருக்குத் தகவல் போக வேண்டும் என்பதும் ஒன்று. வாசலில் ஒருவர் கதவைத் திறந்துகொண்டு நிற்பார் என்பதுதானே அதன் பயன். இதயம் நின்றவர் எழும்பி வந்து 9ஐ அமத்த மாட்டார்.

கமரா, முகம் அறியும் கருவி என்று போவதே தீர்வென்று விற்பனையாளர்கள் சொல்கிறார்கள். நியூயோர்க்கில் புரூக்ளினின் அட்லாண்டிக் பிளாசா ரவர்ஸ் குடியிருப்பாளர்கள் 2019இல் முகமறி கருவியை எதிர்த்து நின்று கைவிடச் செய்தார்கள். 2021இல் அந்த நகரம், வாசல் பதிவுகளைக் கட்டட உரிமையாளர் எவ்வளவு காலம் வைத்திருக்கலாம் என்பதற்கே சட்டம் போட்டது. யார் எத்தனை மணிக்கு வந்தார் என்பது வாடகைக்காரரைக் கிளப்ப நினைப்பவருக்கு நல்ல ஆயுதம் என்பதால், அந்தப் பயம் நியாயமானது என்றே நினைக்கிறேன்.

அவ்வளவு தூரம் போகாமலே செய்யக்கூடியது ஒன்று உண்டு. இப்போது விற்கும் பெட்டிகள் பலவற்றில் ஒரு வீட்டுக்கு ஒன்றுக்கு மேற்பட்ட எண்களைப் பதியலாம். முதலாமவர் எடுக்காவிட்டால் அடுத்தவருக்கு அடிக்கும். மகனின் எண்ணுக்கு முன்னால் தாயின் எண்ணைப் போட்டுவைக்கலாம். நிர்வாகங்கள் குடிவரும்போது நிரப்பத் தரும் படிவங்களில் தொலைபேசிக்குப் பெரும்பாலும் ஒரு வரிதான் இருக்கும். இரண்டாவது எண்ணை ஓரத்தில் எழுதிக் கொடுத்து, பதிந்தார்களா என்று வாசலில் நின்று ஒருமுறை அடித்துப் பார்த்துவிடுவது நல்லது.