திரைக்குப் பின்னும் ஒரு மேடை: அமெரிக்கத் தேர்தல் நூல்கள் மூன்று

அரசியல்வாதி மேடையில் பேசும் பேச்சைவிட, மேடை ஏறுமுன் தம் துணைவரிடம் கூறும் சொல்லே உண்மையானது என்று நாம் எண்ணுகிறோம். அந்த எண்ணத்தின்மேல் ஒரு தனி நூல்வகையே எழுந்துள்ளது. அமெரிக்க அதிபர் தேர்தலின் உள்நிகழ்ச்சிகளைப் புதினம்போல் விரித்துரைக்கும் நூல்கள் அறுபது ஆண்டுகளுக்கும் மேலாக வந்தவண்ணம் உள்ளன. அவற்றுள் முன்னோடிகள் எனத்தக்க மூன்றினை எடுத்துக்கொண்டு, திரைக்குப் பின்னே சென்ற எழுத்தாளர் அங்கே எதைக் கண்டார், எதைக் காணவில்லை என ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

முதலாவது, தியடோர் வைட் எழுதி 1961இல் வெளிவந்த 'தி மேக்கிங் ஆஃப் தி பிரெசிடென்ட் 1960'. 'அதிபர் உருவான கதை' எனத் தமிழில் கூறலாம். 1962இல் புலிட்சர் பரிசு பெற்ற நூல் இது. ஜான் கென்னடியும் ரிச்சர்ட் நிக்சனும் மோதிய அத்தேர்தலில் பதிவான வாக்குகள் ஏறத்தாழ 6 கோடியே 88 லட்சம். வெற்றி வேறுபாடோ 1,20,000க்கும் குறைவு. வென்றவர் யார் என்பதை வாசகர் அனைவரும் அறிவர். ஆயினும், அடுத்து என்ன நேருமோ என்ற ஆவலோடு நம்மைப் படிக்கவைக்கிறார் வைட். அதிபர் பதவியை நாடிய எழுவரையும் பாத்திரங்களாக நிறுத்தி, விஸ்கான்சின், மேற்கு வர்ஜீனியா ஆகிய மாநிலங்களின் முதனிலைத் தேர்தல்களைப் படிப்படியாக விரித்து, அறையின் அமைதியையும் முகத்தின் களைப்பையும்கூட எழுத்தில் வடித்திருக்கிறார். கதை சொல்லும் திறனில் இந்நூலுக்கு ஈடானவை சிலவே.

எனினும், இந்நூலைத் தமிழ் மாணவர் ஒருவர் படித்தால் பாடாண் திணை அவர் நினைவுக்கு வரும். கென்னடியின் குழுவினர் செய்தியாளரை அருகில் வைத்துக்கொண்டனர். நிக்சனோ அவர்களைத் தொலைவில் நிறுத்தினார். நூலில் கென்னடி ஒளி பெறுகிறார்; நிக்சன் நிழலில் நிற்கிறார். கதவைத் திறந்தவருக்கு எழுத்து தானாகவே நன்றி செலுத்திவிட்டது.

அந்த நன்றி எவ்வளவு தூரம் சென்றது என்பதைப் பின்னர் நடந்த ஒரு நிகழ்ச்சி காட்டுகிறது. 1963 நவம்பர் 22ஆம் நாள் கென்னடி சுட்டுக் கொல்லப்பட்டார். ஒரு வாரத்தில் அவருடைய துணைவியார் ஜாக்குலின் வைட்டை அழைத்துப் பேசினார். கணவரின் ஆட்சிக்காலத்தை ஆர்தர் மன்னனின் கேமலாட் என்னும் கதைநகரோடு அவர் ஒப்பிட்டார். வைட் அதனை 'லைஃப்' இதழில் எழுதினார். உலகமும் அப்படியே நம்பியது. 1978இல் வெளிவந்த தன்வரலாற்று நூலில், அவ்வொப்பீடு வரலாற்றுக்குப் பொருந்தாதது என்று வைட்டே ஒப்புக்கொண்டார்.

புலவர் புரவலனுக்கு அருகில் இருப்பது குற்றமன்று. மலையமானின் இளம் பிள்ளைகளை யானைக் காலில் இடத் துணிந்த கிள்ளிவளவனைத் தடுத்துப் பாடியவர் கோவூர்கிழார். அவரும் அரசவைக்குள் சென்றவரே. உள்ளே சென்றபின் கடுஞ்சொல் ஒன்று கூறும் துணிவு இருந்ததா என்பதே நாம் கேட்கவேண்டிய வினா. வைட்டின் நூலில் அத்துணிவு அரிதாகவே தென்படுகிறது.

இரண்டாவது நூல், ஜோ மெக்கின்னிஸ் எழுதிய 'தி செல்லிங் ஆஃப் தி பிரெசிடென்ட் 1968'. 'அதிபர் விற்பனை' என்பது இதன் கருத்து. 1969இல் வெளிவந்தபோது ஆசிரியருக்கு வயது 26. சிகரெட்டுப் பெட்டியின்மேல் நிக்சனின் முகத்தை அச்சிட்ட அட்டைப்படமே நூலின் கருத்தைக் கூறிவிடும். ஹம்ஃபிரியின் விளம்பரக் குழுவினர் மெக்கின்னிஸுக்கு இடம் தர மறுத்தனர்; நிக்சனின் குழுவினர் ஒப்பினர். 1960இல் தொலைக்காட்சி விவாதத்தில் பின்தங்கிய நிக்சன், 1968இல் விவாதத்தையே தவிர்த்தார். மாறாக, தேர்ந்தெடுத்த சிலர் வினாத் தொடுக்க, கட்சியினர் திரட்டிய பார்வையாளர் கைதட்ட, அவர் விடையளிக்கும் நிகழ்ச்சிகள் நகரந்தோறும் ஒளிபரப்பப்பட்டன. செய்தியாளருக்கு அவ்வரங்கினுள் இடமில்லை. அந்நிகழ்ச்சிகளைத் தயாரித்த இளைஞர் ரோஜர் எயில்ஸ், 1996இல் ஃபாக்ஸ் நியூஸ் தொலைக்காட்சியை உருவாக்கி நடத்தியவர்.

மெக்கின்னிஸ் வசைபாடவில்லை. விளம்பரக்காரர் தம்முள் பேசிக்கொண்டதை அப்படியே எழுதி, அவர்களுடைய குறிப்புகளையும் பின்னிணைப்பாகத் தந்து ஒதுங்கிக்கொள்கிறார். தொல்காப்பியர் கூறும் அங்கத வகைகளுள், பழியைக் கரந்து உரைக்கும் வகையைச் சார்ந்தது இந்நூல் எனலாம்.

ஆனால் இதிலும் ஒரு குறை உண்டு. விளம்பரமே வெற்றி தந்தது என்ற எண்ணத்தை நூல் ஊட்டுகிறது. உண்மையில், செப்டம்பரில் பெரிய இடைவெளியில் முன்னணியில் நின்ற நிக்சன், இத்தனை விளம்பரத்துக்குப் பின்னும் இறுதியில் ஒரு விழுக்காட்டுக்கும் குறைவான வேறுபாட்டிலேயே வென்றார். அத்தேர்தலின் மெய்யான மறைவிடம் தொலைக்காட்சி அரங்கில் இல்லை. வியட்நாம் அமைதிப் பேச்சுக்கு இடையூறு செய்யும் வகையில் தென் வியட்நாமோடு மறைமுகத் தொடர்பைப் பேணும்படி, அவ்வாண்டு அக்டோபரில் நிக்சன் தம் உதவியாளர் ஹால்டெமனிடம் கூறினார். ஹால்டெமன் தம் கையால் எழுதிவைத்த குறிப்புகள் இதனைக் காட்டுகின்றன. வரலாற்றாசிரியர் ஜான் ஃபாரெல் 2017இல் வெளியிட்ட நூல்வழியே இது பலரும் அறிந்த செய்தியாயிற்று. ஒப்பனை அறைக்குள் அழைக்கப்பட்டவர் ஒப்பனையைக் கண்டார். அதைவிடப் பெரியது வேறோர் அறையில் நடந்தது.

மூன்றாவது, திமொதி கிரவுஸ் எழுதி 1973இல் வெளிவந்த 'தி பாய்ஸ் ஆன் தி பஸ்'. இவர் வேட்பாளரை விட்டுவிட்டு, அவரைப் பின்தொடர்ந்த செய்தியாளர்களையே தம் பொருளாகக் கொண்டார். 1972இல் நிக்சனும் மெக்கவர்னும் போட்டியிட்ட காலம் அது. ஒரே பேருந்தில் சென்று, ஒரே உணவை உண்டு, ஒரே அறிக்கையைக் கையில் வாங்கிய செய்தியாளர்கள் ஒரே செய்தியை எழுதினர். அசோசியேட்டட் பிரஸ் நிறுவனத்தின் வால்ட்டர் மியர்ஸ் செய்தியை எவ்வாறு தொடங்கப் போகிறார் என்று மற்றவர் கேட்டறிந்துகொண்டனர். மாறுபட எழுதினால் தலைமையகத்தில் உள்ள பத்திரிகையாசிரியர் காரணம் கேட்பாரே என்னும் அச்சந்தான் அதற்குக் காரணம்!

இந்நூலில் நெஞ்சைத் தொடும் பகுதி வைட்டைப் பற்றியது. மெக்கவர்னின் விடுதி அறையில் படப்பிடிப்பாளர் குழுக்குழுவாக நுழைய, எழுத்தாளர் அறுவரேனும் மூலையில் அமர்ந்து ஒவ்வோர் அசைவையும் குறித்துக்கொண்டதை வைட் நினைவுகூர்கிறார். கண்ணாடித் தொட்டியில் இட்ட மீனைப்போல் அம்மனிதர் இருந்தார் என்கிறார். காலை உணவுக்கு அவர் என்ன உண்டார் என்பது யாருக்கு வேண்டும் என வினவி, இம்முறையைத் தொடங்கி வைத்தவன் தானே என்று வருந்துகிறார். எல்லாரும் உள்ளே வந்துவிட்டபின், அந்த அறையும் மேடையாகிவிட்டது. வேட்பாளர் அங்கும் நடிக்கவே வேண்டியிருந்தது.

இனி, இம்மூன்றினையும் ஒருசேர வைத்துப் பார்ப்போம். அதே 1972ஆம் ஆண்டு ஜூன் 17ஆம் நாள், வாட்டர்கேட் கட்டடத்தில் இருந்த ஜனநாயகக் கட்சி அலுவலகத்தில் ஐவர் புகுந்து பிடிபட்டனர். தேர்தலின் உண்மையான திரைமறைவு அதுவே. அதைத் துருவி எழுதிய முதன்மைச் செய்தியாளர்களான பாப் வுட்வர்டும் கார்ல் பெர்ன்ஸ்டைனும் 'வாஷிங்டன் போஸ்ட்' நாளிதழின் உள்ளூர்ப் பகுதியில் பணியாற்றிய இளைஞர்கள். அவர்களை எந்த வேட்பாளரும் தம் அறைக்குள் அழைக்கவில்லை. நிக்சனின் தேர்தல் குழுவில் பணிபுரிந்தோரின் வீட்டுக் கதவுகளை இரவில் தட்டினர். பல கதவுகள் முகத்தில் அறைந்து சாத்தப்பட்டன. குற்றச்சாட்டு ஒவ்வொன்றையும் குறைந்தது இரு வேறு வழிகளில் உறுதிசெய்துகொள்ள முயன்றனர். ஓர் ஒற்றன் கூறியதை மற்றோர் ஒற்றனைக் கொண்டு ஒத்துப் பார்க்குமாறு ஒற்றாடல் அதிகாரத்தில் வள்ளுவர் வகுத்த நெறி இதுவேயன்றோ? 49 மாநிலங்களில் வென்ற நிக்சன் 1974 ஆகஸ்டு 9ஆம் நாள் பதவி துறந்தார்.

ஆகவே, தேர்தலின் உள்நிகழ்ச்சியைக் கூறும் நூல் எந்நாட்டதாயினும், அதனை வகுப்பில் எடுத்துக்கொள்ளும் ஆசிரியர் மாணவரிடம் முதலில் நடையழகைப் பற்றிக் கேட்க வேண்டுவதில்லை. இவருக்குக் கதவைத் திறந்தவர் யார், எதற்காகத் திறந்தார், திறக்காத கதவு எது என்னும் மூன்றையும் கேட்கட்டும். வைட்டின் நூலும் அவ்வினாக்களோடு படிக்கப்படும்போது தன் மதிப்பை இழப்பதில்லை. கென்னடியைப் பற்றி மட்டுமன்றி, அவரைக் கண்டு மயங்கிய ஒரு தலைமுறையைப் பற்றியும் அது நமக்குச் சான்று பகர்கிறது.