விசை கேம்ஸும் 'வெண்பா'வும்: ஒரு மதிப்பீடு

விசை கேம்ஸ், கனடாவின் டொரன்டோ நகரில் இயங்கும் சிறிய நிகழ்பட விளையாட்டு நிறுவனம். தமிழ்நாட்டிலிருந்து கனடாவுக்குக் குடிபெயர்ந்த ஒரு குடும்பத்தின் கதையைச் சமையல் வழியாகச் சொல்லும் 'வெண்பா' என்னும் விளையாட்டை இது 2023 ஜூலை 31 அன்று வெளியிட்டது. தமிழ் வாழ்க்கையை மையமாகக் கொண்டு உலகளவில் கவனம் பெற்ற விளையாட்டுகளில் இது முக்கியமானது. இக்கட்டுரை அந்நிறுவனம் எந்த மரபில் நிற்கிறது என்பதையும், அதன் படைப்பின் நிறைகுறைகளையும் பேசுகிறது.

சிறு நிறுவனங்களின் மரபு

இன்று நிகழ்பட விளையாட்டு என்றதும் பல நூறு பேர் வேலை செய்யும் பெருநிறுவனமே நினைவுக்கு வரும். இத்தொழிலின் தொடக்கம் அப்படிப்பட்டதல்ல. பிரிட்டனில் 1982-இல் இசட்.எக்ஸ். ஸ்பெக்ட்ரம் என்ற மலிவுவிலை வீட்டுக் கணினி விற்பனைக்கு வந்தது. அதன் நினைவகம் 16 அல்லது 48 கிலோபைட் மட்டுமே. அதே ஆண்டில் ஸ்டாம்பர் சகோதரர்கள் லெஸ்டர்ஷயரில் உள்ள ஆஷ்பி-டி-லா-சூச் என்ற சிற்றூரில் 'அல்டிமேட் பிளே தி கேம்' என்ற நிறுவனத்தைத் தங்கள் குடும்பத்தாருடன் தொடங்கினர். அவர்களே 1985-இல் 'ரேர்' நிறுவனத்தை உருவாக்கினர். 2002-இல் மைக்ரோசாஃப்ட் அதை 37.5 கோடி டாலருக்கு வாங்கியது. வீட்டுத்தொழிலாகத் தொடங்கிய ஒன்று இருபதே ஆண்டுகளில் பெருநிறுவனத்தின் ஓர் உறுப்பாகிவிட்டது.

இந்தியாவில் கதை வேறு வழியில் சென்றது. ராஜேஷ் ராவ் 1997-இல் பெங்களூரில் தொடங்கிய 'துருவா இன்டராக்டிவ்' நாட்டின் முன்னோடி விளையாட்டு நிறுவனங்களுள் ஒன்று. வெளிநாட்டு விளையாட்டுகளுக்கான வரைகலைப் பணிகளே அதன் வளர்ச்சிக்கு அடிப்படையாக இருந்தன. 2019-இல் ராக்ஸ்டார் நிறுவனம் அதை வாங்கியது. காஞ்சிபுரத்து வாசகருக்கு இந்த நிலை எளிதில் விளங்கும். பிறர் தரும் பாவையும் வடிவத்தையும் வாங்கிக் கூலிக்கு நெய்வது ஒன்று; தன் வடிவத்தைத் தானே நெய்து தன் பெயரில் விற்பது இன்னொன்று. முன்னதில் கைத்திறனுக்குக் குறைவில்லை. ஆனால் சேலையில் எந்த வடிவம் வர வேண்டும் என்பதை நெசவாளர் தீர்மானிப்பதில்லை. புனேயின் 'நாடிங் ஹெட்ஸ் கேம்ஸ்' 2020-இல் வெளியிட்ட 'ராஜி', இந்தியாவில் இரண்டாம் வழி மெல்லத் திறந்துவருவதற்கு ஓர் எடுத்துக்காட்டு. விசை கேம்ஸ் நிற்பதும் அந்த இரண்டாம் வழியில்தான், ஆனால் கடல் கடந்து.

தறிக்கும் கணினிக்கும் உள்ள உறவு வெறும் உவமையல்ல. காஞ்சிபுரத்தில் தறிக்கு மேலே அமைந்திருக்கும் ஜக்கார்டு பெட்டியில் துளையிட்ட அட்டைகள் கோக்கப்பட்டிருக்கும். ஊடை ஓடும்போது எந்தப் பாவு இழை மேலெழ வேண்டும் என்பதை அந்தத் துளைகளே தீர்மானிக்கின்றன. பத்தொன்பதாம் நூற்றாண்டில் சார்லஸ் பாபேஜ் தம் பகுப்பாய்வுப் பொறிக்குக் கட்டளையிட இதே அட்டை முறையைத்தான் எடுத்துக்கொண்டார். கணினி நிரலின் முன்னோடிகளில் ஒன்று இன்றும் அந்தத் தெருக்களில் வேலை செய்துகொண்டிருக்கிறது.

கதையும் அமைப்பும்

'வெண்பா'வை வடிவமைத்தவர் அபி. ஓவியம் சாம் எல்கானா, இசை ஆல்ஃபா சம்திங். கதை 1988-இல் தொடங்குகிறது. வெண்பா, அவள் கணவன் பாவலன், அவர்களுக்குப் பிறக்கும் மகன் கவின் ஆகியோரே முதன்மைப் பாத்திரங்கள். தாயிடமிருந்து வந்த சமையல் குறிப்பேடு ஒன்று வெண்பாவிடம் உள்ளது. அதன் பக்கங்கள் கிழிந்தும் எழுத்துகள் அழிந்தும் கிடக்கின்றன. விட்டுப்போன படிகளை ஊகித்து உணவைச் செய்து முடிப்பதே ஆடுபவரின் வேலை. அத்தியாயங்களுக்கு இடையே ஆண்டுகள் ஓடுகின்றன. மகன் வளர்கிறான், பள்ளியில் ஆங்கிலம் பழகுகிறான், வீட்டுத் தமிழிலிருந்து விலகுகிறான். அந்தந்தக் காலத்துத் தமிழ்த் திரையிசையின் சாயலில் அமைந்த பாடல்கள் சமையலின்போது ஒலிக்கின்றன.

நிறைகள்

முதல் நிறை, பாத்திரங்களின் தர்க்கத்தையே புதிராக்கியது. இட்லித் தட்டுகளை எப்படி அடுக்க வேண்டும், புட்டுக் குழலில் எது முதலில் போக வேண்டும் என்பவை நம் வீடுகளில் யாரும் விளக்கிச் சொல்லாத அறிவு. பார்த்துப் பார்த்தே கைக்கு வருவது. தமிழறியாத ஆட்டக்காரர் ஒருவர் இட்லித் தட்டின் முன் திகைத்து நின்று, பின் ஆவி போகும் வழியைக் கண்டுகொள்ளும்போது, ஒரு பாத்திரத்துக்குள் எவ்வளவு சிந்தனை அடங்கியிருக்கிறது என்பதை உணர்கிறார். காஞ்சிபுரம் வரதராசப் பெருமாள் கோயில் இட்லி தட்டில் வேகாது. மிளகும் சீரகமும் சுக்கும் சேர்ந்த மாவை மந்தாரை இலை வைத்த மூங்கில் குடலையில் ஊற்றி நெடுநேரம் அவிப்பார்கள். பாத்திரம் மாறினால் பக்குவமும் மாறும் என்ற உண்மையை இவ்விளையாட்டு சரியாகப் பிடித்திருக்கிறது.

இரண்டாவது நிறை இதைவிடப் பெரியது. மகனின் நிலையிலிருந்து கதை நகரும் இடங்களில், அவனுக்குப் புரியாத தமிழ்ச் சொற்கள் திரையில் மங்கலாகத் தெரிகின்றன. மொழி இழப்பைப் பற்றிக் கட்டுரைகளும் மேடைப் பேச்சுகளும் ஏராளம். தாய் பேசுவது கண்ணெதிரே கலங்கிப் போவதை ஆடுபவரே அனுபவிக்கும்படி செய்வது வேறு. நாவலில் இதை விவரிக்கலாம், திரைப்படத்தில் காட்டலாம். விளையாட்டில் அந்தக் குறையோடு தாமே செயல்பட்டாக வேண்டியிருக்கிறது. இந்த ஊடகத்துக்கே உரிய வலிமை இது.

குறைகள்

கதைக்கும் விளையாட்டு முறைக்கும் இடையே ஒரு முரண் உள்ளது. தாயின் கைப்பக்குவம் தலைமுறை தாண்டி வர வேண்டும் என்கிறது கதை. புதிர்களோ பெரும்பாலும் ஒரே ஒரு சரியான விடையை எதிர்பார்க்கின்றன. கைப்பக்குவம் என்பதே ஒரு வீட்டுக்கும் அடுத்த வீட்டுக்கும் உள்ள வேறுபாடுதான். புளி சற்றுக் கூடினால் அது தவறல்ல, இன்னொரு வீட்டு ருசி. மகன் தாயின் குறிப்பைத் தன் வழியில் மாற்றிச் சமைத்து அதற்கு ஒரு தனி ருசி வந்தது என்று ஆட்டம் ஏற்றுக்கொண்டிருந்தால், மரபு அப்படியே ஒப்படைக்கப்படுவதல்ல, கை மாறும்போது உருமாறுவது என்ற கருத்து முழுமை பெற்றிருக்கும்.

அடுத்தது நீளம். ஏறக்குறைய ஒன்றரை மணி நேரத்தில் ஆட்டம் முடிந்துவிடுகிறது. இதைப் பலரும் குறையாகச் சொன்னார்கள். அளவில் சிறியதாக இருப்பது மட்டுமே குறையாகாது. வெண்பா என்ற யாப்பிலேயே ஈற்றடி முச்சீராகக் குறைந்துதான் நிற்கும். ஆனால் அதற்கு முந்தைய அடிகள் நாற்சீராய் நிறைந்திருக்க வேண்டும். இங்கே பாவலனுக்கு அந்த நிறைவு கிடைக்கவில்லை. பெயரிலேயே கவிஞனைச் சுமக்கும் அவன், தாய்க்கும் மகனுக்கும் இடையே ஒரு நிழலாகவே நின்றுவிடுகிறான். குடும்பத்தின் பொருளாதாரத் தவிப்பும் ஓரிரு உரையாடல்களில் கடந்துவிடுகிறது.

ஏற்பு

2024-இல் சுயாதீன விளையாட்டுகளுக்கான ஐ.ஜி.எஃப். விழாவின் தலைமைப் பரிசான சியூமஸ் மெக்னாலி விருது 'வெண்பா'வுக்குக் கிடைத்தது. அதே ஆண்டு பிரிட்டனின் பாஃப்டா விளையாட்டு விருதுகளில் சிறந்த அறிமுகப் படைப்பாகவும் தேர்வானது. வீட்டுக் கணினிகளில் சிறு குழுக்கள் தொழில் தொடங்கிய நாடு, நாற்பது ஆண்டுகளுக்குப் பின் ஒரு சிறு குழுவின் தமிழ்க் கதையை முன்வரிசையில் அமர்த்தியது குறிப்பிடத்தக்கது.

மதிப்பீடு

'வெண்பா'வைப் புலம்பெயர்ந்தோரின் துயரமாக மட்டும் வாசிப்பது அதைச் சுருக்குவதாகும். தாயின் சொல் மகனுக்கு மங்கலாகத் தெரிய டொரன்டோ வரை போக வேண்டியதில்லை. காஞ்சிபுரத்தில் தாத்தா பாவு, ஊடை, கோர்வை, பேட்டு என்று பேசும் வீட்டில், ஆங்கிலவழிப் பள்ளிக்குப் போகும் பேரனுக்கு அந்தச் சொற்கள் ஏற்கெனவே கலங்கித்தான் கேட்கின்றன. அவன் கையில் அலைபேசி இருக்கிறது, அதில் விளையாட்டும் இருக்கிறது. அந்த விளையாட்டில் தன் வீட்டுத் தறியை அவன் இன்னும் பார்க்கவில்லை.

பெரும் முதலீடு இல்லாமலும் தன் வீட்டு அடுப்படியை உலகம் ஆடும்படி செய்ய முடியும் என்று விசை கேம்ஸ் காட்டிவிட்டது. அதன் குறைகள் அடுத்து வருபவர் திருத்திக்கொள்ளக்கூடியவை. கணினி படிக்கும் தமிழ்நாட்டு மாணவர்கள் இந்த விளையாட்டை ஒருமுறை ஆடிப் பார்ப்பது நல்லது. பிறகு தங்கள் வீட்டில் யாரும் விளக்கிச் சொல்லாமலே நடக்கும் வேலை எது என்று கவனிக்கலாம். அடுத்த விளையாட்டுக்கான கரு அங்கேயே இருக்கக்கூடும்.