முட்டைக்கோஸ் தண்டும் ஏழாம் ஆண்டும்

ஏழாம் ஆண்டு வந்தால் கடன் ரத்து என்பது யூத வேதம். அப்படி ரத்தாகாமல் காக்க ஒரு பத்திரம் எழுதலாம் என்பது யூத ஆசான்களின் ஏற்பாடு. ஆனால் பத்திரம் செல்ல வேண்டுமென்றால் கடன் வாங்கியவரிடம் கொஞ்சமாவது நிலம் இருக்க வேண்டும். எவ்வளவு நிலம்? யூதச் சட்ட விவாதங்களின் தொகுப்பான பாபிலோனியத் தல்மூத் இதைப் பேசிப்பேசிக் குறைத்துக்கொண்டே போகிறது. அடியில் ஓட்டை போட்ட ஒரு தொட்டி போதும். ஒரு முட்டைக்கோஸ் தண்டு இருந்தாலும் போதும். அதற்கும் வழியில்லாதவரா? கடன் கொடுப்பவரே தன் வயலில் ஒரு துணுக்கை அவருக்குத் தந்துவிட்டுப் பத்திரம் எழுதிக்கொள்ளலாம் என்று அதற்கு முன்பே, தல்மூத்துக்கு அடிப்படையான மிஷ்னா என்ற சட்டத் தொகுப்பு சொல்லிவிட்டது.

முதல் வாசிப்பில் சிரிப்புத்தான் வரும். கடவுளிடமே வக்கீல் வேலை பார்த்திருக்கிறார்களே என்று தோன்றும். எனக்கும் அப்படித்தான் தோன்றியது. ஆனால் யாருக்காக இந்தத் தண்டு நடப்பட்டது என்று பார்த்த பிறகு சிரிப்பு குறைந்துவிட்டது.

'ஷ்மிதா' என்ற எபிரெயச் சொல்லுக்கு விட்டுவிடுதல், கையிலிருந்து நழுவ விடுதல் என்று பொருள். ஆறு ஆண்டு பயிரிட்டு ஏழாம் ஆண்டு நிலத்தைச் சும்மா விடு, அதில் தானாக விளைவதை ஏழைகள் உண்ணட்டும் என்கிறது யாத்திராகமம். லேவியராகமத்தின் 25ஆம் அதிகாரம் அதை நிலத்துக்கே உரிய ஓய்வுநாளாக்குகிறது. உபாகமத்தின் 15ஆம் அதிகாரம் கடனையும் சேர்த்துக்கொள்கிறது. நிலத்தின் ஓய்வு இஸ்ரேல் மண்ணுக்கு மட்டும்தான். கடன் விடுவிப்போ யூதர் எங்கே வாழ்ந்தாலும் பொருந்தும்.

இன்று இதைப் புகழ்கிறவர்கள் பெரும்பாலும் சூழலியலைப் பிடித்துக்கொள்கிறார்கள். மண்ணுக்கு ஓய்வு, பழங்காலத்து அறிவியல் என்று எழுதுகிறார்கள். இது புதிய விளக்கமல்ல. 12ஆம் நூற்றாண்டில் யூத அறிஞர் மைமோனிடிஸே நிலம் தரிசாகக் கிடந்தால் வளம் கூடும் என்று காரணம் சொல்லியிருக்கிறார். பின்னாளில் பிராகா நகர ரபி எப்ராயிம் லுன்சிட்ஸ் போன்ற உரையாசிரியர்கள் அதை ஏற்கவில்லை. உரம் சேர்ப்பதுதான் நோக்கம் என்றால், மீறியவர்களுக்கு விளைச்சல் குறையும் என்பதோடு தண்டனை முடிந்திருக்க வேண்டும். வேதம் ஏன் நாடு கடத்தலைத் தண்டனையாகச் சொல்கிறது என்று கேட்டார்கள். கூர்மையான கேள்வி. மண்வளம்தான் பிரச்சினை என்றால் பயிர்ச் சுழற்சியும் பசுந்தாள் உரமும் அதைவிட நன்றாகவே வேலை செய்யும். ஷ்மிதா பேசுவது உரிமையைப் பற்றி. பட்டா உன் பெயரில் இருந்தாலும் வேலியைத் திறந்து வை, நீ குடியிருப்பவன்தான் என்கிறது.

கடன் பகுதிதான் இதில் அதிகம் யோசிக்க வைப்பது. கடன் ரத்து யூதர்கள் கண்டுபிடித்ததல்ல. கி.மு. 17ஆம் நூற்றாண்டில் பாபிலோனிய மன்னன் அம்மிசதுக்கா பிறப்பித்த கடன் நீக்க ஆணை களிமண் பலகைகளில் கிடைத்திருக்கிறது. அவனுக்கு முன்பிருந்த மன்னர்களும் இப்படிச் செய்ததுண்டு. ஆனால் அது அரசன் தரும் வரம். எப்போது வரும் என்று யாருக்கும் தெரியாது. தேர்தலுக்கு முன் வரும் கடன் தள்ளுபடிக்கு இந்த மன்னர்களே மூதாதையர். உபாகமம் செய்த புதுமை, ரத்தை அரசன் கையிலிருந்து பிடுங்கி நாட்காட்டியிடம் கொடுத்தது. யாரையும் கெஞ்ச வேண்டாம், யாருக்கும் நன்றிக்கடன் பட வேண்டாம். ஆண்டு வந்தால் விடுதலை.

இதே இடத்தில்தான் சட்டம் உடைகிறது. தேதி முன்கூட்டியே தெரிந்தால் கடன் கொடுப்பவருக்கும் தெரியும். ஆறாம் ஆண்டில் எவன் பணம் கொடுப்பான்? உபாகமமே இதை உணர்ந்து, ஏழாம் ஆண்டு நெருங்குகிறதே என்று ஏழைக்குக் கையை மூடாதே என எச்சரிக்கிறது. எச்சரிக்கை பலிக்கவில்லை. கி.மு. முதல் நூற்றாண்டின் கடைசியில் ஆசான் ஹில்லேல் பார்த்தது அதைத்தான்: மக்கள் ஒருவருக்கொருவர் கடன் கொடுப்பதையே நிறுத்திக்கொண்டிருந்தார்கள். ஏழையைக் காக்க வந்த சட்டம் விதைநெல்லுக்குக்கூட வழியில்லாமல் அவனைத் தெருவில் நிறுத்தியது. ஹில்லேல் கொண்டுவந்த 'புரோஸ்புல்' பத்திரம் கடனைத் தனிமனிதரிடமிருந்து நீதிமன்றத்தின் பொறுப்புக்கு மாற்றியது. நீதிமன்றத்துக்கு வர வேண்டிய பாக்கியை ஏழாம் ஆண்டு தொடாது.

ஒரு தனி ஆசான் வேதத்தின் கட்டளையை எப்படி மாற்றலாம் என்று தல்மூத் சங்கடத்தோடு விசாரிக்கிறது. மூன்றாம் நூற்றாண்டின் ஆசான் ஷ்முவேல், இது நீதிபதிகளின் திமிர், எனக்கு அதிகாரம் இருந்தால் ஒழித்துவிடுவேன் என்ற பொருளில் பேசியிருக்கிறார். எதிர்ப்பை நூலிலிருந்து வெட்டாமல் விட்டிருக்கிறார்களே, அதுவே இந்த மரபின் பெரிய பலம் என்று நினைக்கிறேன். சட்டத்தை வளைத்தவர்கள் வளைத்ததை மறைக்கவில்லை.

என் கணக்கில் ஹில்லேல் செய்தது சரி. தண்டும் தொட்டியும் ஏழைக்குக் கடன் கிடைக்க வேண்டும் என்பதற்காகவே வந்தவை. ஆனால் மருந்து பழக்கமாகிவிட்டது. இன்று ஏழாம் ஆண்டு முடியும் எலூல் மாதத்தில் நியூயார்க்கிலும் எருசலேமிலும் ஒருபக்கப் படிவத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டுப் போகிறார்கள். வங்கியில் வைப்புத்தொகை வைத்திருப்பவரும் போடுகிறார். வங்கி அவருக்குக் கடன்பட்டிருக்கிறதே! பாக்தாதின் ரபி யோசேப் ஹயிம் இந்த ஓட்டத்தை முன்பே உணர்ந்தவர்போல, பத்திரம் எழுதிய பிறகு ஒரு சிறு தொகையைத் தனியே கடன் கொடுத்து அதையாவது விட்டுவிடுங்கள் என்று அறிவுரை சொன்னார். விடுதலை கடைசியில் அந்தச் சில்லறையில் வந்து நின்றது.

நிலத்தின் கதை வேறு மாதிரிப் போயிற்று. நூற்றாண்டுகளாக ஏட்டில் இருந்த சட்டம் 1882 முதல் பாலஸ்தீனத்தில் யூதக் குடியேற்றங்கள் எழுந்ததும் வயலுக்குத் திரும்பியது. 1888-89ஆம் ஆண்டின் ஷ்மிதாவில் அந்தப் புது உழவர்கள் பட்டினியை எதிர்நோக்கினார்கள். கோவ்னோ நகரின் ரபி இட்ஸ்ஹாக் எல்ஹனான் ஸ்பெக்டர் உள்ளிட்டோர் வழி சொன்னார்கள்: நிலத்தைத் தற்காலிகமாக யூதரல்லாதவருக்கு விற்றுவிடுங்கள். எருசலேமின் ரபிகள் பலர் கொதித்தார்கள். பின்னர் 1909-10 ஷ்மிதாவில் யாஃபாவின் ரபி ஆபிரகாம் இட்ஸ்ஹாக் கூக் அதே விற்பனையை ஆதரித்து ஒரு நூலே எழுதினார். இன்றைக்கும் ஏழாண்டுக்கு ஒருமுறை இஸ்ரேலின் தலைமை ரபி மன்றம் நாட்டின் விளைநிலத்தில் பெரும்பகுதியைக் காகிதத்தில் விற்கிறது.

கூக்கின் அனுமதியையும் என்னால் குறைசொல்ல முடியவில்லை. பட்டினியின் முன்னால் கொடுத்தது அது. அதை மறுக்கும் கண்டிப்பான தரப்பைத்தான் கொஞ்சம் உற்றுப் பார்க்க வேண்டும். விற்பனையை ஏற்காத குடும்பங்களும் ஏழாம் ஆண்டில் காய்கறி சாப்பிடத்தான் செய்கின்றன. தரையோடு தொடர்பில்லாத பசுமைக்குடிலில் விளைந்தது, வேதகால எல்லைக்கு வெளியே என்று கருதப்படும் தெற்கு அரவா பாலைநிலத்தில் விளைந்தது, அரபு உழவர் விளைவித்தது, வெளிநாட்டிலிருந்து வந்தது என்று தேடி வாங்குகிறார்கள். 2015 மார்ச்சில் காசாவின் தக்காளியும் கத்தரிக்காயும் 2007க்குப் பிறகு முதல்முறையாக இஸ்ரேல் சந்தைக்கு வந்ததற்கு அந்த ஆண்டு ஷ்மிதாவாக இருந்ததும் ஒரு காரணம். பேச்சுவார்த்தை திறக்காத கதவை நாட்காட்டி சற்றுத் திறந்தது. இதை நல்லிணக்கம் என்று எழுதலாம். ஒருவர் மண்ணின் ஓய்வுக்கு இன்னொருவர் மண் உழைக்கிறது என்றும் எழுதலாம். நான் இரண்டாவது பக்கம்தான் சாய்கிறேன்.

இதோடு சேர்ந்த இன்னொரு குறை மூலச் சட்டத்திலேயே இருக்கிறது: அந்நியனிடம் கடனை வசூலிக்கலாம் என்று உபாகமம் விலக்களிக்கிறது. விடுதலை தன் இனத்தவனுக்கு மட்டும். நகரப் பொருளாதாரத்தில் சுமையும் சமமாக விழுவதில்லை. எல்லோரும் உழவராக இருந்தபோது எல்லோரும் ஒன்றாக நிறுத்தினார்கள். இன்று மென்பொருள் நிறுவனம் வழக்கம்போல ஓடுகிறது. வயல் வைத்திருக்கும் சிறு கூட்டம் மட்டும் ஊருக்காக நோன்பிருக்கிறது. அந்தச் சுமையைக் குறைக்கும் நில விற்பனையை ஏற்பதா இல்லையா என்பதை 2007இல் தலைமை ரபி மன்றம் அந்தந்த ஊர் ரபிகளிடம் விட்டபோது, பிரச்சினை உச்ச நீதிமன்றம்வரை போனது. நீதிமன்றம் மன்றத்தின் முடிவை ஏற்கவில்லை.

இத்தனைக்கும் பிறகு மிச்சம் என்ன? இருக்கிறது. 1990களின் இறுதியில் ஏழை நாடுகளின் கடனை நீக்கக் கோரிய 'யூபிலி 2000' இயக்கம் லேவியராகமத்தின் அதே 25ஆம் அதிகாரத்திலிருந்துதான் பெயரை எடுத்தது. 1998இல் பர்மிங்ஹாமில் ஜி-8 தலைவர்கள் கூடியபோது பல்லாயிரம் பேர் மனிதச் சங்கிலியாக நின்றார்கள். நியூயார்க்கில் 1892இல் தொடங்கிய எபிரெய வட்டியில்லாக் கடன் சங்கம் இன்றும் இயங்குகிறது. திருப்பித் தர வேண்டிய கடன்தான். ஆனால் ஹில்லேல் பயந்த அந்த மூடிய கையைத் திறப்பது இது. பத்திரத்தை விட இது அவர் எண்ணத்துக்கு நெருக்கமானது.

தல்மூத்தில் ஒரு சின்னச் சம்பவம். ஏழாம் ஆண்டில் ஒருவர் பழைய கடனைத் திருப்பித் தர வந்தால், கடன் கொடுத்திருந்தவர் 'விட்டுவிட்டேன்' என்று சொல்ல வேண்டும்; வந்தவர் 'இருந்தாலும் பரவாயில்லை' என்றால் வாங்கிக்கொள்ளலாம் என்பது மிஷ்னாவின் விதி. ஆசான் ரப்பாவிடம் ஒருவர் இப்படிப் பணத்தோடு வந்தார். ரப்பா முறைப்படி 'விட்டுவிட்டேன்' என்றார். வந்தவர் பணத்தை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டார். பிறகு அங்கே வந்த சீடர் அபாயே, முகம் வாடி உட்கார்ந்திருந்த குருவைப் பார்த்துக் காரணம் கேட்டார். கேட்டதும் கடன்காரரைத் தேடிப் போய்ச் சொல்ல வேண்டிய இரண்டாவது வாக்கியத்தைக் கற்றுக்கொடுத்துத் திருப்பி அனுப்பினார். பணம் கைக்கு வந்தது. வாங்கி வைத்துக்கொண்ட ரப்பா, படித்த ஆளுக்கு இது முதலிலேயே தெரிய வேண்டாமா என்று முணுமுணுத்தார்.