உச்சிப் பொழுதில் ஒரு மணம்

கௌபாய் படம் என்றால் குதிரை, புழுதி, துப்பாக்கி. இதில் ஆராய என்ன உண்டு என்பது நம் தமிழாசிரியர் பலரின் கருத்து. ஆயினும் இவ்வகைக் கதை நம்மவர்க்குப் புதிதன்று. ஒளிப்பதிவாளர் கர்ணன் ஜெய்சங்கரைக் குதிரையேற்றி 1972இல் 'கங்கா', 'ஜக்கம்மா' எனப் படங்கள் தந்தார். சிங்கப்பூர் மெக்கன்சி சாலையில் 1946இல் திறந்த ரெக்ஸ் அரங்கு, நெடுங்காலம் ஆங்கிலப் படங்களைக் காட்டிப் பின் 2009இல் தமிழ்ப் படங்களுக்காக மீண்டும் திறந்தது. ஓர் அரங்கே இருவகைக் கதைக்கும் இடந்தந்தது எனலாம்.

சென்ற பள்ளி விடுமுறையில் தேக்காவில் உள்ள என் தமக்கையார் வீட்டில் தங்கியிருந்தேன். அங்கே 'ஹை நூன்' என்னும் பழைய ஆங்கிலப் படத்தைத் தமக்கையின் மகளோடு கண்டேன். படம் முடிந்ததும் அவள், "மாமா, அந்தப் பெண் செய்தது சரியா?" என்று கேட்டாள். உடனே விடை கூற இயலவில்லை. அவ்வினாவே இக்கட்டுரைக்குக் காரணம்.

படம் 1952இல் வந்தது. இயக்கியவர் ஃபிரெட் சின்னமன். வண்ணமில்லை, பெருஞ்செலவில்லை, ஏறத்தாழ 7,50,000 டாலரில் முடிந்த படம். ஓடும் நேரம் 85 நிமிடம். கதை நிகழும் நேரமும் ஏறத்தாழ அவ்வளவே. ஊர்க்காவல் தலைவன் கேன், ஒரு ஞாயிறு காலையில் ஏமி என்பவளை மணக்கிறான். பதவியை விட்டு ஊரை நீங்க இருந்த வேளையில், அவன் முன்பு சிறைக்கு அனுப்பிய கொலைஞன் ஃபிராங்க் மில்லர் விடுதலையாகி நண்பகல் இரயிலில் வருகிறான் என்று செய்தி எட்டுகிறது. நிலையத்தில் மூவர் அவனுக்காகக் காத்திருக்கின்றனர். கேன் ஊரிலேயே நிற்கத் துணிகிறான். ஏமியோ படைக்கலத்தை வெறுக்கும் குவேக்கர் சமயத்தவள். கணவன் வாராவிடில் அதே இரயிலில் தனியே போய்விடுவதாகக் கூறுகிறாள்.

துப்பாக்கியே தொழிலானவனுக்கும் துப்பாக்கியைத் தொடாதவளுக்கும் மணம்! இதுவே கதையின் வியப்பு. ஆனால் திறனாய்வாளர் பலர் இம்மணத்தை ஓரத்தில் வைத்துவிட்டு, ஊராரின் கோழைமையையே பேசினர். அதற்குக் காரணமும் உண்டு. திரைக்கதை எழுதிய கார்ல் ஃபோர்மன், பொதுவுடைமையாளரைத் தேடிய அமெரிக்க நாடாளுமன்றக் குழுவின் முன் 1951இல் நிறுத்தப்பட்டார். பிறர் பெயரைச் சொல்ல மறுத்தார். பின் இங்கிலாந்து சென்று வாழ்ந்தார். எனவே தனித்து நிற்கும் கேனில் அவரையே பலர் கண்டனர். மறுபுறம், காவலன் ஊராரிடம் உதவி இரப்பதா என்று சினந்த ஹோவார்டு ஹாக்ஸ், இதற்கு மறுப்பாக 1959இல் 'ரியோ பிராவோ' எடுத்தார். இரு சாராரும் ஏமியை மறந்தனர்.

நிற்க. ஊரார் கூறும் சாக்குகளைச் சற்றுக் கேளுங்கள். மணம் செய்துவைத்த நீதிபதியே, கொடியையும் நீதித் தராசையும் மூட்டை கட்டிக்கொண்டு முதலில் ஓடுகிறார். கோயிலில் உதவி கேட்டால், 'உம் மணத்தை இங்கு நடத்தவில்லையே' என்கிறார் பாதிரியார். எங்கள் தோட்டத்தில் பள்ளி நிலத்துக்கு இடர் வந்த நாளில் கூடிய கூட்டத்தில், இவ்வகைச் சாக்குகளை நானும் கேட்டிருக்கிறேன். நல்லவர்களே அவற்றைச் சொன்னார்கள் என்பதுதான் துயரம்.

இனி ஏமி. முல்லையின் உரிப்பொருள் இருத்தல். அதன் புறம் வஞ்சி என்பது தொல்காப்பியம். கணவன் போர்மேற் செல்வான், மனைவி ஆற்றியிருப்பாள். 'முல்லைப்பாட்டு' அரசி அவ்வாறே இருக்கிறாள். ஏமியும் விடுதியில் அமர்ந்து காத்திருக்கிறாள். ஆனால் கணவனுக்காக அன்று, அவனைப் பிரிக்கும் இரயிலுக்காக. அவள் கொள்கை அறியாப் பிள்ளையின் பிடிவாதமன்று. தந்தையும் பத்தொன்பது வயதுத் தமையனும் துப்பாக்கிக்கு இரையானதைக் கண்டு, துயரத்தில் பெற்ற கொள்கை அது. அவர்களும் நியாயத்தின் பக்கமே நின்றவர்கள்!

முதற் குண்டோசை கேட்டதும் அவள் இரயிலைவிட்டு ஓடிவருகிறாள். கணவனைக் கொல்ல இருந்தவனைப் பின்புறமிருந்து சுட்டு வீழ்த்துகிறாள். நம்மவர் இதனைக் கற்பின் வெற்றி என்பர். அவளைக் கண்ணகியோடு ஒப்பிடுவாரும் உளர். நான் உடன்படேன். கண்ணகி தன் நெஞ்சம் நம்பிய நீதிக்காகவே எழுந்தாள். ஏமியோ தன் நெஞ்சம் நம்பியதற்கு மாறாகச் செய்தாள். ஈற்றில் கேன் காவற் சின்னத்தைப் புழுதியில் எறிகிறான். அவனும் ஒன்றை இழந்தான், அவளும் ஒன்றை இழந்தாள், கணக்கு நேர் என்று படம் கருதுவது போலும். நேரன்று! எறிந்த சின்னத்தைக் குனிந்து எடுத்துக்கொள்ளலாம். கொன்ற உயிரை மீட்க முடியுமோ? சுட்டபின் அவள் முகத்தை ஒரு கணமே காட்டி, படம் விரைந்து செல்கிறது. இப்படம் நான்கு ஆஸ்கர் பரிசு பெற்றது. கேரி கூப்பருக்குச் சிறந்த நடிகர் பரிசும் அவற்றுள் ஒன்று. நன்றே. ஆனால் மிகப் பெரும் விலை கொடுத்தவள் ஏமி. அவளுக்குப் படம் ஒரு சொல்லும் அளிக்கவில்லை. இதுவே இதன் குறை.

எனினும் வினாவை எழுப்பியதும் இப்படமே. மறுநாட் காலை தமக்கையின் மகளிடம் இவ்வாறு சொன்னேன்: "அவள் செய்தது அன்பு, அம்மா. சரி என்று மட்டும் என்னால் சொல்ல இயலவில்லை." அவள் அதனை ஏற்கவில்லை, வாதிட்டாள். மகிழ்ந்தேன். ஆசிரிய நண்பர்களே, அகமும் புறமும் ஒன்றோடொன்று மோதும் இடத்தை மாணவர்க்கு விளக்க, இத்தகைய எளிய படமும் உதவும். விடையை மட்டும் நாம் முந்திக்கொண்டு கூறிவிட வேண்டா.