நெல்மணி அளவு நகர்வு

2.7 மில்லி ஆர்க்நொடி கோணம். எத்தனை முறை படித்தும் அலுக்காத எண் இது எனக்கு. 700 கிலோமீட்டருக்கு அப்பால் கிடக்கும் நெல்மணி ஒன்று தன் நீளத்துக்கு நகர்ந்தால் எவ்வளவு தெரியுமோ, அவ்வளவுதான் இது.

2017 ஆகஸ்ட் 17-ல் இரண்டு நியூட்ரான் விண்மீன்கள் மோதி ஒன்றான சேதி ஈர்ப்பலையாக வந்தது. இடம், 13 கோடி ஒளியாண்டு தொலைவிலுள்ள என்.ஜி.சி. 4993 விண்மீன் திரள். 1.7 நொடியில் காமா கதிர்; பதினாறு நாள் கழித்துத்தான் ரேடியோ. அந்த மங்கிய புள்ளி என்ன? நாலா பக்கமும் ஊதிப் பெருகும் குமிழியா, குமிழியைப் பொத்துக்கொண்டு பாய்ந்த தாரையா? ஒளிர்வு கூடுவதையும் குறைவதையும் மட்டும் வைத்து வழக்குத் தீரவில்லை.

வானியலாளர் குனால் மூலி குழுவினர் அது நகர்கிறதா என்று பார்த்தார்கள். கருவி வி.எல்.பி.ஏ ரேடியோ தொலைநோக்கி வரிசை: ஹவாய் முதல் கரீபியன் தீவு வரை பத்துத் தட்டுகள், துணைக்கு வேறு பெரிய தொலைநோக்கிகள். ஒவ்வொரு தட்டும் தனியாக, தன் ஹைட்ரஜன் மேசர் கடிகாரத்தின் நேரக் குறிப்போடு அலையை ஹார்ட் டிஸ்க்கில் பதியும். டிஸ்க்குகள் பார்சலில் நியூ மெக்சிகோவின் சொக்கோரோவுக்குப் போய்ச் சேர்ந்து, பதிவுகள் ஒன்றோடொன்று பொருந்தும்போதுதான் 8,000 கிலோமீட்டர் அகலக் கண் திறக்கிறது. கண் மூடிய பிறகு கிடைக்கும் பார்வை!

மோதலுக்குப் பின் 75-ஆம் நாள் ஒரு புள்ளி. 230-ஆம் நாள் அந்த 2.7 மில்லி ஆர்க்நொடி தள்ளி இன்னொரு புள்ளி. படமாகப் பார்த்தால் ஒன்றுமில்லை, இரண்டு கறை. கணக்குப் போட்டால் 155 நாளில் ஒன்றேமுக்கால் ஒளியாண்டு. ஒளியைவிட நான்கு மடங்கு வேகம்!

ஐன்ஸ்டைனுக்கு ஆபத்தில்லை. தாரை நம் பார்வைக் கோட்டுக்கு ஏறக்குறைய 20 பாகை சாய்வில், ஒளியை ஒட்டிய வேகத்தில் நம் பக்கம் பாய்கிறது. தான் விட்ட ஒளியையே துரத்திக்கொண்டு ஓடுவதால், பிந்திக் கிளம்பிய ஒளிக்கு வழி குறைகிறது. அங்கே ஏறத்தாழ ஐந்தாண்டு ஓட்டம், இங்கே ஐந்து மாதக் காட்சியாகச் சுருங்கிவிட்டது. குமிழியாக இருந்திருந்தால் புள்ளி இவ்வளவு வேகமாக இடம் மாறியிருக்காது. வழக்கு தாரையின் பக்கம் தீர்ந்தது.

இரண்டாம் முறை பார்த்தபோதே ஒளிர்வு உச்சம் கடந்து இறங்கிக்கொண்டிருந்தது.