நான்கு பக்க ஏடும் நாடாளும் அரசும்

உலக நடப்பை உரைக்கும் ஏடென்றால் பல தலைநகரங்களில் நிருபர்களும் பக்கந்தோறும் விளம்பரங்களும் வேண்டும் என்பது பொதுவான எண்ணம். அதனைப் பொய்யாக்கியது வாஷிங்டனிலிருந்து வெளிவந்த 'ஐ. எஃப். ஸ்டோன்ஸ் வீக்லி'. 1953 சனவரியில் தோன்றிய அவ்வேடு 1971 டிசம்பர் வரை நடந்தது. பெரும்பாலும் நான்கே பக்கங்கள், ஆண்டுச் சந்தா 5 டாலர், விளம்பரம் கிடையாது. எழுதியவர் ஸ்டோன் ஒருவரே. அலுவலகப் பணிகளைக் கவனித்தவர் அவருடைய துணைவியார் எஸ்தர். தொடக்கத்தில் சுமார் 5,300 ஆக இருந்த சந்தாதாரர் தொகை, முடிவில் 70,000 அளவுக்கு உயர்ந்தது.

இவ்வளர்ச்சிக்குக் காரணம் யாது? செவிப்புலன் குன்றிய ஸ்டோன், அமைச்சர்களின் பேட்டிகளை நம்பியிராமல், அரசே அச்சிட்ட அறிக்கைகளை வரிவரியாகப் படித்தார். 1957-இல் நெவாடாவில் நிலத்தடி அணுகுண்டுச் சோதனை நடந்தது. அதன் அதிர்வு 200 மைலுக்கு அப்பால் பதிவாகவில்லை என்றது அணுசக்தி ஆணையம். 2,000 மைலுக்கும் அப்பாலுள்ள அலாஸ்காவில் அது பதிவானதை அரசின் மற்றொரு துறையிடமே கேட்டறிந்து ஸ்டோன் வெளியிட்டார். ஆணையம் தன் கூற்றைத் திருத்திக்கொண்டது. சோதனைத் தடையைக் கண்காணிக்கவே இயலாது என்ற வாதமும் அத்துடன் வலுவிழந்தது.

வடக்கிலிருந்து வரும் ஆயுதங்களே தென் வியத்நாம் போரை நடத்துகின்றன என்று 1965-இல் அமெரிக்க வெள்ளை அறிக்கை சாற்றியது. அதன் பிற்சேர்க்கையில் கண்ட பொதுவுடைமை நாட்டு ஆயுதங்களோ 179 மட்டுமே. கொரில்லாக்களிடமிருந்து கைப்பற்றிய ஆயிரக்கணக்கான ஆயுதங்களோடு ஒப்பிட்டால், இது சுமார் இரண்டரை விழுக்காடே என்று காட்டினார் ஸ்டோன்.

இம்முறைக்கு எல்லையும் உண்டு. ஆவணம் அரசின் பொய்யைக் காட்டும். குண்டு விழுந்த வயலில் நின்ற உழவனின் துயரைக் காட்டாது. ஒருவரையே நம்பிய ஏடாதலின், அவர் ஓய்ந்ததும் ஏடும் ஓய்ந்தது.

எனினும் அவ்வேட்டின் பெருமை அரசை எதிர்த்ததில் மட்டும் இல்லை. 1956-இல் மாஸ்கோ சென்று திரும்பிய ஸ்டோன், சோவியத் ஆட்சியைக் கடுமையாகக் குறை கூறினார். இடதுசாரி வாசகர் சிலர் சினந்து விலகினர். அவர் எழுதியதை மாற்றவில்லை. விளம்பரதாரருக்கு அஞ்சாமை அரிது. சந்தா செலுத்துவோருக்கும் அஞ்சாமை அதனினும் அரிது.

கோப்புகளிடையே நாளைக் கழிக்கும் என் போன்றோர்க்குப் பிற்சேர்க்கை என்பது பக்கத்தை நிரப்பும் பகுதி. உண்மை அங்கேயே உறங்கக்கூடும் என்பதை இவ்வேடு உணர்த்துகிறது. வெளிமாநிலத்தில் வாழும் நம் இல்லங்களுக்குத் தமிழிலும் ஆங்கிலத்திலும் செய்தித்தாள்கள் வருகின்றன. அவற்றின் தலைப்பையும் அடியிலுள்ள புள்ளிவிவரத்தையும் ஒப்பிட்டுப் படிக்க நம் பிள்ளைகளுக்குப் பழக்குவோமாயின், அதுவே அவர்களுக்கு நல்ல கல்வியாகும்.