எட்டு எழுபதும் எண்ணெய்ப் பித்தும்

ரெமிங்டன் நிறுவனத்தார் 1950-இல் வெளியிட்ட 870 என்னும் பம்ப் ஆக்‌ஷன் துப்பாக்கிக்கு, குழல் இத்தனை அங்குலம், மேகசினில் அடங்கும் தோட்டா இத்தனை என்று ஜாதகம் கணித்துக்கொண்டிருப்பது, ஒரு கோடிக்கு மேல் செய்து விற்றாகிவிட்ட பண்டத்தின் விஷயத்தில் வீண் வேலை. மினசோட்டாவின் ஏரிக்கரைகளில் ஒரு வாத்து வேட்டைப் பருவம் முழுவதும் இதன் விங்மாஸ்டர் ரகத்தில் பழையது ஒன்றோடு பழகி, வீடு திரும்பியதும் அதைத் துடைத்து வைத்தவன் என்ற முறையில் எனக்குச் சொல்ல இருப்பது ஒன்றுதான்: இத்துப்பாக்கிக்கு வேண்டிய எண்ணெய் மிகமிகச் சொற்பம், அதை உடையவர்களோ அதற்கு அபிஷேகமே செய்துவிடுகிறார்கள்.

கழற்றுவதில் இது தரும் சுகத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். முன்பிடியைப் பாதியளவு பின்னுக்கு இழுத்து, மேகசின் குழாயின் நுனியிலுள்ள மூடியைத் திருகி எடுத்தால், குழல் தானாகவே முன்புறம் உருவிக்கொண்டு கைக்கு வந்துவிடும். கருவி எதுவும் வேண்டாம். இரண்டு ஊசிகளை ஒரு மரக்குச்சியால் தட்டித் தள்ளினால், விசைத் தொகுதி முழுவதும் ஒரே உறுப்பாகக் கீழே இறங்கும். அதற்கு மேல் அதைப் பிரித்துப் பார்க்கும் ஆவல் நம்மைப் போன்ற சாமானியருக்கு ஆகாது. பின்னர், தோட்டாவை மறித்து நிறுத்தும் இடப்புறத் தகட்டை விரலால் அழுத்திக்கொண்டு முன்பிடியை முன்னே இழுக்க, இரட்டைத் தண்டுகளும் அவற்றின்மேல் அமர்ந்த போல்ட்டும் ஒருங்கே வெளிவந்துவிடும். இதற்கு முன்னோடியான மாடல் 31 ஓட்டத்தின் மென்மையில் இதற்கு இளைத்ததன்று. ஆயினும் அதைக் கடைந்து செய்வதற்கு ஆன செலவே அதற்கு யமனாக வாய்த்தது.

கழற்றுவது எளிதாக இருப்பதிலேயே ஓர் அபாயமும் ஒளிந்திருக்கிறது. கை பழகப் பழகக் கண் சோம்பிவிடும். ஆகவே தோட்டாக்கள் யாவற்றையும் வேறோர் அறையில் வைத்துவிட்டு, குழலின் முனையை ஆளரவம் இல்லாத திசைக்குத் திருப்பி, தோட்டா அறையையும் மேகசினின் வாயையும் கண்ணால் பார்ப்பதோடு நில்லாமல் சுண்டுவிரலை விட்டுத் தடவியும் பார்த்தபிறகே வேலையைத் தொடங்க வேண்டும். பம்ப் துப்பாக்கியின் வஞ்சகம் எதுவெனில், அறையிலிருந்த தோட்டாவை வெளியேற்றிவிட்டோம், இனி இது காலி என்று நம்பி முன்பிடியை முன்னே தள்ளுகிற அதே அசைவில், மேகசினில் எஞ்சிய தோட்டா அந்த இடத்தில் வந்து அமர்ந்துகொள்ளும். மேலும், அமெரிக்கச் சட்டப்படி வாத்து வேட்டைக்குப் போகும் துப்பாக்கியில் மூன்று தோட்டாக்களுக்கு மேல் அடங்கலாகாது என்பதால், மேகசினுக்குள் ஒரு கட்டைத் துண்டு செருகியிருக்கும். அதை எடுக்கும்போது உள்ளிருக்கும் சுருள்வில் முகத்தை நோக்கிப் பாயக் கூடுமாகையால், கட்டைவிரலால் மறித்துக்கொள்வதும் கண்ணுக்குக் கண்ணாடி அணிவதும் அவசியம்.

குழலைச் சுத்தம் செய்வதில் நூதனம் ஒன்றுமில்லை. தோட்டா அறையின் பக்கமிருந்து முனையை நோக்கியே தூரிகையைச் செலுத்த வேண்டும். பிளாஸ்டிக் தோட்டாக்களின் உள்ளுறை குழற்சுவரில் உருகிப் படிந்திருக்குமாகையால், வெண்கலத் தூரிகையை நிதானமாகப் பலமுறை ஓட்ட வேண்டும். பலர் குழலைக் கண்ணாடிபோல் மினுக்கிவிட்டுத் தோட்டா அறையை மறந்துவிடுகிறார்கள். சுட்ட தோட்டாக்கூடு வெளிவராமல் சிக்கிக்கொள்வது பெரும்பாலும் அந்த மறதியின் பலன். 1903 முதல் விற்பனையாகும் ஹாப்பிஸ் நம்பர் 9 திரவத்தின் வாசனைக்கே அடிமையானவர்கள் அமெரிக்காவில் ஏராளம். நானும் அதை வெறுப்பவனல்லன் என்றாலும், ஜன்னலைத் திறந்து வைத்தே அதைக் கையாள்கிறேன். நீர்ப்பறவை வேட்டையில் ஈய ரவை 1991 முதல் நாடெங்கும் தடுக்கப்பட்டுவிட்ட போதிலும், தோட்டாவின் பிரைமரிலிருந்து வரும் கரியில் ஈயம் உண்டு. வேலை முடிந்ததும் சோப்பிட்டுக் கைகழுவாமல் காப்பிக் கோப்பையைத் தொடலாகாது.

இனி எண்ணெய். தண்டுகள் ஓடும் பாதையிலும், போல்ட்டின் பூட்டுக் கட்டையிலும், மேகசின் மூடியின் மரையிலும் விரல் நுனியால் தடவிய அளவு. குழலின் வெளிப்புறத்தில் எண்ணெய்த் துணியால் ஒரு துடைப்பு. உட்புறத்தில் மெல்லிய ஒரு பூச்சு, அதையும் அடுத்தமுறை சுடுவதற்கு முன் உலர்ந்த துணியை இழுத்து எடுத்துவிட வேண்டும். இவ்வளவே இதன் தேவை. மேகசின் குழாயின் உட்புறம் உலர்ந்தே இருக்கட்டும். இதற்கு மேல் ஊற்றுகிற எண்ணெய், வெடிமருந்துக் கரியோடு கலந்து கறுப்புக் களிம்பாகி, ஓட்டத்தை மென்மையாக்குவதற்கு மாறாக மந்தமாக்கும். நவம்பர் மாதக் குளிரில் அக்களிம்பு இறுகி, சுடும் ஊசியின் வேகத்தைக் குறைத்து, வாத்து தலைக்கு மேலே பறந்து போகையில் வெறும் ‘டிக்’ என்ற ஓசையை மட்டும் நமக்குப் பரிசளிக்கும். தெளிப்பானை விசைத் தொகுதிக்குள் கண்ணை மூடிக்கொண்டு அமுக்குகிறவர்களைக் கண்டால் எனக்கு இன்றும் பற்றிக்கொண்டு வருகிறது. எண்ணெய்க் குப்பியில் அச்சிட்டிருக்கும் புகழுரைகளை நம்பி இரும்புக்குப் பசியென்று கருதுகிறார்கள் போலும்!

எண்ணெய் வழிந்து கீழே போகும் என்ற சாதாரண உண்மையையும் இவர்கள் எண்ணிப் பார்ப்பதில்லை. அலமாரியில் முனை மேலாக நிறுத்திய துப்பாக்கியில், மிகுந்த எண்ணெய் உள்ளுறுப்புகள் வழியே மெல்ல மெல்ல இறங்கி, பின்கட்டையின் தலைப்பகுதியில் போய்த் தேங்குகிறது. வால்நட் மரம் அதை வருஷக்கணக்கில் குடித்துக் கறுத்து, நார் தளர்ந்து, சுடும்போது உண்டாகும் உதைப்பைத் தாங்க மாட்டாமல் ஒருநாள் விரிசல் விடுகிறது. எனக்கு வந்த விங்மாஸ்டரின் கட்டையும் முந்திய எஜமானரின் பிரீதியால் அப்படித்தான் கறுத்திருந்தது. இரும்பில் ஒரு புள்ளித் துருவும் இல்லை என்பதையும் நியாயத்துக்காகச் சொல்ல வேண்டும். இப்போது அதை முனை கீழாகவே நிறுத்துகிறேன்.

1987-இல் மலிவு விலைக்கென்று வந்த எக்ஸ்பிரஸ் ரகத்துக்கு மாத்திரம் சிறிது விலக்கு அளிக்கலாம். அதன் சொரசொரப்பான மேற்பரப்பு ஈரத்தைப் பிடித்துவைத்துக்கொள்ளுமாதலால், மழையில் நனைந்து வந்த அன்றே வெளிப்புறத்தைத் துடைத்து எண்ணெய்த் துணி காட்டுவது விவேகம். அதுவும் வெளிப்புறத்துக்கு மட்டுமே.

மீண்டும் பூட்டும்போது தடைத் தகடுகள் இரண்டும் சிறிது சண்டித்தனம் செய்யும். இரண்டையும் முறையே அழுத்தி வழிவிடச் செய்ய வேண்டுமே தவிர, பலாத்காரம் உதவாது. குழலுக்குள் துணித் துண்டு எதுவும் தங்கவில்லை என்பதை வெளிச்சத்தில் நோக்கி உறுதி செய்துகொண்டு, போலித் தோட்டாக்களைக் கொண்டு ஓட்டத்தையும் பாதுகாப்புப் பொத்தானையும் சோதித்துவிட்டால் வேலை முடிந்தது. இத்துப்பாக்கியைப் பிறப்பித்த இலியன் நகரத் தொழிற்சாலை 2024-இல் மூடப்பட்டுவிட்டதில் எனக்கு வருத்தமே; எனினும் பழைய விங்மாஸ்டர்கள் கைமாறிக்கொண்டேதான் இருக்கின்றன. வாங்க நினைப்பவர்கள், விற்பவரின் அனுமதியோடு, பின்தகட்டின் திருகுகளை அகற்றி, உள்ளிருக்கும் நீண்ட திருகாணியைத் தளர்த்திக் கட்டையைக் கழற்றி, இரும்போடு சேருமிடத்தில் மரத்தை நகத்தால் அழுத்திப் பாருங்கள். நகம் பதிந்தால், புதுக் கட்டையின் விலையைக் கழித்துக்கொண்டு பேரம் பேசுங்கள்.